பேணியவர் விற்கலாமா?

மலாக்காவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கார் விற்பனைக்குப் போகிறது என்றால், அதிலிருந்து முதலில் இறங்குபவர் பிள்ளையார். டேஷ்போர்டில் ஒட்டி வைத்த விரற்கடை உயரப் பிள்ளையாரை நகத்தால் நெம்பி எடுக்கிறார்கள். பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கும் உருத்திராட்ச மாலை, வெயில் மறைப்புக்குள் செருகிய திருநீற்றுப் பொட்டலம், பத்துமலைக்குப் போனபோது வாங்கிய முருகன் படம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். பிள்ளையார் இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வட்டமாகக் கறுத்திருக்கும். சுற்றிலும் டேஷ்போர்டு வெளிறிச் சாம்பல் பூத்திருக்கும். அந்த வீட்டில் கார் எத்தனை காலம் இருந்தது என்பதை, வாங்க வருபவர் அந்த வட்டத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவார்.

பழைய காராக இருந்தால் பேச்சு அத்தோடு முடிவதில்லை. தோட்டத்துக் கிராணியாகவோ தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ இருந்த அப்பா அரும்பாடுபட்டு வாங்கிய மோரிஸ் மைனராக இருக்கும். அல்லது 1985 ஜூலையில் அறிமுகமான புரோட்டோன் சாகாவின் முதல் வரிசையில் வந்த ஒன்றாக இருக்கும். அப்பா காலமாகிவிட்டார். மகன் சிங்கப்பூரில், மகள் கோலாலம்பூரில். கார் வீட்டு முன்கூரையின் கீழ் துணி போர்த்திக் கிடக்கிறது. பழைய கார்களைத் தேடி அலைபவர்கள் விலை கேட்டு வருகிறார்கள். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. “அப்பா கண்ணா வச்சிருந்த காடிய விக்கிறதா?” என்று அத்தை கலங்குவார். வெள்ளிக்கிழமை மட்டும் சாவியைக் கொடுத்துவிடாதே, வீட்டு லட்சுமி போய்விடுவாள் என்பார் ஒருவர். விற்ற காசு கையில் தங்காது என்பார் இன்னொருவர். ஓட்டாமல் வைத்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும், பெட்ரோல் தொட்டி உள்ளுக்குள் துருவேறும் என்று ஃபோர்மேன் சொல்வதும் பொய்யில்லை.

இதைக் குடும்பச் சச்சரவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு பொருளைப் பல்லாண்டு காலம் பேணியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் அதன்மேல் உள்ள கடமை என்ன, கைமாற்றினால் அந்தக் கடமை நிறைவேறுகிறதா, முறிகிறதா என்பது சமய நூல்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்த கேள்வி. விற்பதில் பாவம் இல்லை என்பதே இக்கட்டுரையின் நிலை. பாவம் வருமானால் விற்கும் விதத்தில்தான் வரும்.

கோயில் திருப்பணியைக் கூட இருந்து பார்த்தவர்களுக்கு இதன் முதல் பாதி தெரியும். பழுது பார்க்கத் தொடங்கும் முன் மூலவரின் அருட்கலையை மந்திரத்தால் குடத்து நீருக்கு மாற்றுவார்கள். கலாகர்ஷணம் என்று அதற்குப் பெயர். அதன் பிறகு வழிபாடு பாலாலயத்தில் நடக்கும். பூசகர் தவிர யாரும் நுழையாத கருவறைக்குள் கொத்தனார் சாந்துச் சட்டியோடு போகலாம், உளி படலாம். ஊரே கைகூப்பிய இடம், அந்த நாள்களில் வேலை நடக்கும் கட்டடம். திருப்பணி முடிந்து குடமுழுக்கில் அந்த நீர் திரும்பவும் சேர்க்கப்படும். மலாக்கா ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் மலாக்கா செட்டிகள் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலைப் போல இரு நூற்றாண்டு தாண்டி நிற்கும் எந்தக் கோயிலும் இப்படிப் பழுது பார்த்துப் பார்த்து நிற்பதுதான். தெய்வத்தன்மை ஒரு பொருளில் வந்து தங்கும், முறைப்படி அழைத்தால் இன்னொன்றுக்குப் போகும், பொருள் வெறும் பொருளாக நிற்கும் என்பதை ஆகமம் அறிந்தே வைத்திருக்கிறது. டேஷ்போர்டுப் பிள்ளையாரை எடுத்துப் பூசையறையில் வைக்கும் கைக்கு ஆகமம் தெரியாமல் இருக்கலாம். செய்வது அதே வேலையின் எளிய வடிவம்.

சரஸ்வதி பூசை நாளில் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் இட்டு, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டுகிறோமே, அந்தப் பூசை காரை விற்க முடியாத பொருளாக ஆக்கிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. ரப்பர்த் தோட்டங்களில் அதே நாளில் பால்வெட்டும் கத்தியை வைத்துத்தான் பூசை செய்தார்கள். கத்தி தேய்ந்தது; புதுக் கத்தி வாங்கினார்கள். பழைய கத்தியை விட்டதற்காக யாரையும் யாரும் குற்றம் சொன்னதில்லை. அந்தப் பூசை கருவி செய்யும் தொழிலுக்கு உரியது. கருவி மாறும், தொழில் தொடரும்.

ஆக, விற்கும் நேரத்தில் தொண்டையை அடைப்பது தெய்வம் அல்ல, மனிதர். காரை அப்பாவிடமிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை என்பதே சிக்கல். உலகம் அறிந்த ஒரு விற்பனையை இங்கே சற்று விரிவாகப் பார்க்கலாம்.

1964இல் போன்டியாக் ஜிடிஓ வந்ததிலிருந்து 1973இன் எண்ணெய் நெருக்கடி வரைக்கும் அமெரிக்காவில் ‘மஸில் கார்’களின் காலம். நடுத்தர உடலுக்குள் பெரிய வி-8 இயந்திரத்தை அடக்கி, வேகத்தை மாதச் சம்பளக்காரரும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்த கார்கள் அவை. மலேசியச் சாலைகளில் அவற்றைக் காண்பது அரிது. ஸ்டீரிங் இடப்பக்கம், இயந்திரக் கொள்ளளவைப் பார்த்து ஏறும் சாலை வரியோ கண்ணைக் கட்டும். ஆனால் படத்தில் பார்க்காதவர் குறைவு. 1968 அக்டோபரில் வெளிவந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் சான் பிரான்சிஸ்கோவின் ஏற்ற இறக்கத் தெருக்களில் கறுப்பு டாட்ஜ் சார்ஜரைத் துரத்திப் பறப்பாரே, அந்தக் கரும்பச்சை போர்ட் முஸ்டாங் இவ்வகைக் கார்களில் பெரும்புகழ் பெற்றது. இயந்திரம் 390 கன அங்குலம். படப்பிடிப்பு முடிந்ததும் சில கைகள் மாறி, 1974இல் நியூ ஜெர்சியில் காப்புறுதித் துறையில் வேலை செய்த ராபர்ட் கீர்னனிடம் வந்தது. பத்திரிகை விளம்பரம் பார்த்துச் சில ஆயிரம் டாலருக்கு வாங்கினார். காட்சிப் பொருளாக்கவில்லை. பள்ளி ஆசிரியையான அவர் மனைவி அதில்தான் வேலைக்குப் போய்வந்தார்.

1977 டிசம்பரில் மெக்வீனே கடிதம் போட்டார். அந்தக் காரைத் திரும்ப வாங்கித் தம் குடும்பத்தில் வைத்துக்கொள்ள விரும்புவதாகவும், அதிகச் செலவாகாது என்றால் ஈடாக வேறொரு முஸ்டாங் தேடித் தருவதாகவும் எழுதினார். கீர்னன் கொடுக்கவில்லை. 1980இல் கிளட்ச் போய்க் கார் நின்றது. அதுவரை ஓடியது சுமார் 65,000 மைல். பிறகு குடும்பம் இடம் மாறியபோதெல்லாம் கூடவே மாறி, கடைசியில் டென்னஸி மாநிலத்தில் ஒதுங்கியது. அப்பாவும் மகனும் சேர்ந்து திரும்ப ஓட்ட வைக்க வேண்டும் என்பது பல நாள் பேச்சு. 2014இல் ராபர்ட் இறந்துபோனார். மகன் ஷான் பிறகு இயந்திர வேலைகளை முடித்து ஓட வைத்தார். உடலைத் தொடவில்லை. வண்ணம் பூசவில்லை. மங்கிய பச்சை, கீறல், துரு, கேமரா பொருத்துவதற்காகப் படக்குழு அடிப்பாகத்தில் பற்றவைத்த தாங்கிகள் எல்லாம் இருந்தபடியே இருக்க, 2018 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சி மேடையில் நிறுத்தினார். ஈராண்டு கழித்து, 2020 ஜனவரி 10 அன்று, புளோரிடாவின் கிஸ்ஸிமி நகரில் நடந்த ஏலத்தில் விற்றார். ஏலம் 34 லட்சம் டாலரில் நின்றது. கட்டணங்களைச் சேர்த்தால் 37 லட்சத்து 40 ஆயிரம்.

கதையில் நடித்தவரே கேட்டும் கொடுக்காத தந்தை. முன்பின் தெரியாத கூட்டத்தில் கூவி விற்ற மகன். ஊர் வாய் தந்தையைப் பற்றுள்ளவர் என்றும் மகனைப் பணத்துக்கு மயங்கியவர் என்றும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும். சைவ சித்தாந்தத்தின் அளவுகோல் அவ்வளவு எளிதல்ல.

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் வகுத்துக் கொடுத்த நெறியில் உயிருக்கு நான்கு பொருள்கள் கிடைக்கின்றன: உடல், கருவிகள், வாழும் உலகம், நுகரும் பொருள். தனு, கரண, புவன, போகம் என்று பாடசாலைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்வார்கள். இவை மாயையிலிருந்து ஆக்கி இறைவன் கொடுத்தவை. உயிர் பக்குவப்படுவதற்காகக் கொடுத்தவை. விடியும் வரைக்கும் இருட்டில் உதவும் விளக்கு என்று மாயையை அந்நூல்கள் சொல்கின்றன. பொருளைப் பகை என்றோ பொய் என்றோ அவை தள்ளவில்லை. கட்டிப்போடுவது ஆணவம். ‘எனது’ என்று இறுகும் பிடி அதன் வேலை. பொருள் கையில் இருக்கும்போதும் பிடி இல்லாமல் இருக்கலாம். விற்றுப் பல வருடமான பின்னும் பிடி இறுகியே இருக்கலாம்.

இப்படிப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு காரோடு மல்லாடிய அப்பாக்கள் செய்தது என்ன? பானெட்டைத் திறந்து ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார். பேட்டரி மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றி, வடிநீர் குறைந்திருந்தால் ஊற்றுவார். எண்ணெய்க் குச்சியை உருவி, பழைய பனியன் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். கதவிடுக்கில் தேங்கிய மழைநீரை விரலில் துணி சுற்றி ஒற்றுவார். பிறகு மேற்சட்டைப் பையிலிருந்து 555 குறிப்பேட்டை எடுத்து, தேதி, ஓடிய மைல், மாற்றிய எண்ணெய், கொடுத்த வெள்ளி எல்லாவற்றையும் பொடி எழுத்தில் குறிப்பார். தோட்டத்துக் கடைகளில் பற்றுக் கணக்கு எழுதிய அதே சிறு குறிப்பேடு. இதில் ‘என் கார்’ என்ற பெருமை இல்லாமலில்லை. ஆனாலும் பெரும்பகுதி ஒழுக்கம். சித்தாந்தம் நான்கு நெறிகளில் முதலாவதாகச் சரியையை வைக்கிறது. கோயில் வாசலைப் பெருக்குவது, நந்தவனத்துக்குத் தண்ணீர் விடுவது, விளக்குத் துடைப்பது என்று உடம்பால் செய்யும் பணி அது. காரைத் துடைப்பதும் கோயில் விளக்கைத் துடைப்பதும் ஒன்றாகிவிடாது. ஆனால் பலன் எதிர்பாராமல், நேரம் தவறாமல், சிறிய காரியத்தையும் பழுதறச் செய்யும் கை இரண்டிடத்திலும் ஒரே கைதான். அந்தப் பழக்கத்தில் பக்குவப்பட்டவர் அப்பா. பேணியதன் பலன் அவரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. காரில் மீதி நிற்பது நல்ல நிலையிலிருக்கும் இரும்பும் ரப்பரும் தோலும். விற்கும்போது அப்பாவை விற்கிறோம் என்ற அச்சத்துக்கு இடமே இல்லை. விற்கக்கூடிய எதிலும் அவர் இல்லை.

ரப்பர் என்றதும் மலாக்காவில் நிற்காமல் போக முடியாது. தான் சாய் யான் என்ற சீனத் தொழிலதிபர் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் நடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் என்று அதைச் சொல்வார்கள். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி விதையோடு நம்பிக்கையும் கொடுத்தனுப்பினார். அடுத்து அத்தொழிலதிபர் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். சில ஆண்டுகளில் அது நல்ல லாபத்துக்குப் பிரிட்டிஷ் கம்பெனி வசம் போனது. 1908இல் ஃபோர்டின் மாடல் டி வந்து அமெரிக்கச் சாலைகள் நிரம்பியபோது டயருக்கான பாலை வெட்டியது பெரும்பாலும் தமிழ்க் கை. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டி, பட்டையை மெல்லிதாகச் சீவி, மரத்தைக் காயப்படுத்தாமல் பால் எடுத்த கை. மரத்தைப் பேணத் தெரியாதவர் பால்வெட்ட முடியாது. மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக அப்படிப் பேணியவர்களுக்கு ஒரு மரம்கூடச் சொந்தமில்லை.

பேணியவரைக் கேட்காமல் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வரலாறே சாட்சி. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று இன்றும் பெரியவர்கள் கசப்போடு சொல்வது அதைத்தான். லயத்து வீடு, வேலை, பள்ளிக்கூடம், ஆலமரத்தடி முனியாண்டி கோயில் எல்லாம் ஒரே கையெழுத்தில் போயின. பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களை அவர்கள் பெயரிலேயே வாங்க வைத்தார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. சட்டப்படி பார்த்தால் வெள்ளைக்காரர் விற்றதில் குற்றம் காண முடியாது. பத்திரம் அவர் பெயரில்தான் இருந்தது. அறப்படி பார்த்தால் அது முழு விற்பனையல்ல என்பதே நேர்மையான தீர்ப்பு. மரத்தை வளர்த்தவரின் உழைப்பும் சேர்ந்தே விலைபோனது, அவரைக் கேட்காமல்.

வீட்டுக் காருக்கும் இது பொருந்தும். மூத்த மகன் பெயரில் கிராண்ட் என்னும் பதிவுப் பத்திரம் மாறியிருக்கலாம். ஆனால் அப்பா படுத்த படுக்கையானபின் வாரம் ஒருமுறை இறங்கி இயந்திரத்தை ஓடவிட்டவர் பக்கத்திலேயே இருந்த தம்பியாக இருப்பார். அம்மா அந்தக் காரின் பின்னிருக்கையில்தான் தலைப்பிரசவத்துக்கு மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். இவர்களிடம் கேட்டபின் விற்பதே விற்பது. காகிதத்தில் இவர்கள் பெயர் இல்லை என்பது ஒரு காரணமே அல்ல.

அடுத்தது உண்மை. பழைய கார்ச் சந்தையில் பொய் சொல்ல ஆயிரம் வழி. மஸில் கார்களை வாங்குபவர்கள் முதலில் கேட்பது எண்கள் பொருந்துகின்றனவா என்பதைத்தான். தொழிற்சாலையில் எந்த உடலோடு எந்த இயந்திரம் இணைந்து வெளியே வந்ததோ அதே இணை இன்றும் இருக்கிறதா என்ற கேள்வி. இருந்தால் விலை ஒரு மாதிரி, இல்லையென்றால் வேறு மாதிரி. எண்ணை அழித்துப் புதிதாகக் குத்தும் மோசடியும் அதனாலேயே உண்டு. மலேசியாவில் பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தில் சேசிஸ் எண்ணையும் இயந்திர எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதே கவலையால்.

எது அசல் என்ற இந்தக் கேள்வி இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையது. கிரேக்க வம்சத்து மன்னன் மிலிந்தன் தேரில் ஏறி நாகசேனர் என்ற பௌத்தத் துறவியைப் பார்க்கப் போனான். தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகமா, எல்லாம் சேர்ந்த குவியலா என்று துறவி அவனை ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை என்றே மன்னன் சொல்ல வேண்டி வந்தது. பாகங்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும்போது வழங்கும் பெயரே தேர், தனியாகத் தேர் என்று ஒரு பொருள் இல்லை என்பது அவ்வுரையாடலின் முடிவு. கதவு மாறிய, இருக்கைத் தோல் மாறிய, கார்புரேட்டர் மூன்றுமுறை மாறிய சாகாவில் ‘அசல்’ எங்கே இருக்கிறது என்று நாகசேனர் கேட்டால் யாருக்கும் பதில் வராது. அதனால் எதையும் சொல்லி விற்கலாம் என்று ஆகிவிடுமா? ஆகாது. பாகங்களின் கூட்டுக்குத்தான் பெயர் என்றால், எந்தெந்தப் பாகம் எப்போது மாறியது என்ற கணக்கே அந்தப் பெயரைத் தாங்குகிறது. கீர்னனின் முஸ்டாங் அவ்வளவு விலை போனதற்கு மெக்வீனின் புகழோடு இதுவும் ஒரு காரணம்: அதன் மேல் எதுவும் மறைக்கப்படவில்லை. துருவும் இருந்தது, கடிதமும் இருந்தது.

வள்ளுவர் வணிகருக்கு நேரடியாகச் சொன்ன அறிவுரையைப் பொருட்பாலில் தேடினால் கிடைக்காது. அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்ற 12ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்திருக்கிறார். அடுத்தவர் பொருளையும் தன்னுடையது போலக் கருதிச் செய்வதே வணிகம் என்பது அதன் சாரம். பழைய கார் விற்பனையில் இதன் பொருள் வெளிப்படை. தரைத்தகட்டில் ஓட்டை இருந்தால் விரிப்பைத் தூக்கிக் காட்ட வேண்டும். மழையில் வலப்பக்கக் கதவு ஒழுகும் என்று தெரிந்தால் வெயில் நாளிலும் சொல்ல வேண்டும். அப்பாவின் 555 குறிப்பேடுகளைச் சாவியோடு சேர்த்துக் கொடுப்பதும் அறத்தில் சேரும். பல குடும்பங்கள் குறிப்பேட்டை நினைவுக்கு வைத்துக்கொண்டு காரை மட்டும் கொடுக்கின்றன. வாங்குபவருக்கு அதைவிடப் பயன்படும் பொருள் வேறில்லை.

அப்படியானால் நினைவுக்கு எது? மலாக்கா செட்டிகளைப் பார்த்தால் பதில் கிடைக்கும். சுல்தான்கள் காலத்திலேயே வந்து மலாய்ப் பெண்களை மணந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். காஜா பெராங் கம்போங் செட்டியில் இன்றும் வாழ்கிறார்கள். வீட்டில் பேசுவது மலாய் கலந்த மொழி. உடுத்துவது கெபாயா, சாரோங். தமிழ்ப் பேச்சு அவர்களை விட்டுப் பெரும்பாலும் போய்விட்டது. வணிகக் கப்பல்கள் போயின, நிலங்கள் பலவும் கைமாறின. ஆனால் ஆண்டுதோறும் போகியன்று முன்னோருக்கு விருப்பமான பண்டங்களை வாழையிலையில் பரப்பிப் படைக்கும் ‘பார்ச்சு’ போகவில்லை. பழங்கள் பழுக்கும் நடு ஆண்டில் இன்னொரு முறை படைக்கிறார்கள். பேரன் வயதுக்காரர்கள் தாத்தாவுக்கு எந்தப் பலகாரம் பிடிக்கும் என்று அறிந்து வைத்திருக்கிறார்கள். இத்தனை நூற்றாண்டாக முன்னோரை அவர்களோடு வைத்திருப்பது பொருள் அல்ல, ஆண்டுக்கு இருமுறை திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு காரியம். கார் போனால் அப்பா மறந்துபோவார் என்று அஞ்சும் வீடு, அப்பாவின் திதியன்று யார் சமைப்பது என்று தீர்மானித்தால் போதும். விற்ற காசில் ஒரு பகுதி அன்றைய அன்னதானத்துக்குப் போனால், காசு தங்காது என்ற பயத்துக்கும் அதில் மருந்து இருக்கிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் மலாக்காவிலேயே உண்டு. பழைய கட்டடங்களுக்கான வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு பிறந்தபோது நீங்கியது. 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் நகரம் சேர்ந்தது. பழைய தெருக்களின் முகப்புகள் இப்போது பளிச்சென்று நிற்கின்றன. உள்ளே குடியிருந்த பலர் இல்லை. பொருளைக் காப்பாற்றிவிட்டு வாழ்க்கையைக் கைவிடுவதும் நடக்கக்கூடியதே. துணி போர்த்தி ஓட்டாமல் வைத்த காரும் அப்படித்தான்.

கடைசியாக, விடுவது. இதில்தான் நல்லவர்களும் இடறுகிறார்கள். பாகவதத்தில் நிருகன் என்ற அரசன் கதை வரும். எண்ண முடியாத பசுக்களைத் தானம் செய்தவன். தானம் கொடுத்த பசு ஒன்று வழிதவறித் தன் பழைய மந்தையோடு வந்து சேர்ந்துகொள்ள, அறியாமல் அதையே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டான். இருவரும் வழக்குக்கு வந்தார்கள். அரசன் ஒன்றுக்குப் பதில் லட்சம் பசு தருகிறேன் என்றும் தீரவில்லை. செத்தபின் கிணற்றில் ஓணானாகக் கிடந்தான். கண்ணன் வந்து தொட்ட பிறகே விடுதலை. கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லாதவனுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று கதை கேட்பவர்கள் கலங்குவதுண்டு. கொடுத்தது முழுதாகக் கையை விட்டுப் போயிற்றா என்று பார்ப்பதும் கொடுத்தவர் பொறுப்பு என்பதே அதன் விடை. மலேசியாவில் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள் ஏராளம். நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டவர் வீட்டுக்கு, யாரோ எங்கோ வேகமாக ஓட்டியதற்கு சம்மன் வரும். இறந்தவர் பெயரிலேயே இருக்கும் காருக்கு அமானா ராயாவிலோ நீதிமன்றத்திலோ கடிதம் வாங்கி, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெருவிரல் ரேகை வைத்துப் பெயரை மாற்றி முடிப்பது அலைச்சல்தான். ஆனால் தாரை வார்க்கும்போது ஊற்றும் நீருக்கு என்ன இடமோ, அந்த ரேகைக்கும் அதே இடம்.

விற்பவர் மனத்தில் ஒரு நிபந்தனை எப்போதும் இருக்கும்: வண்ணத்தை மாற்றாதே, இயந்திரத்தைப் பிடுங்கி வேறொன்று வைக்காதே, பாகம் பாகமாகப் பிரித்து விற்காதே. இது நியாயமான ஆசை. அதற்கு உரிய நேரம் விலை பேசுவதற்கு முன்பு. வருபவர்களில் யார் ஓட்டுவார், யார் பிரித்து விற்பார் என்பது பத்து நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும். ஓட்டுபவருக்குக் கொஞ்சம் விலையைக் குறைத்துக் கொடுத்தால் அது நட்டம் ஆகாது. தெரிந்தெடுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, குறிப்பேட்டையும் கொடுத்து, ரேகையும் வைத்தபின் நிபந்தனைக்கு இடமில்லை. வாங்கியவர் அடுத்த மாதமே அதைச் சிவப்பாக்கி ஜாலான் பங்ளிமா ஆவாங்கில் ஓட்டிப் போனால், அப்பாவின் மகன் அதைப் பார்த்துத் தாராளமாகக் கையசைக்கலாம்.